கோயில் கூடையில் கிடந்த போன்

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. காலைப் பூசை முடிந்ததும் ஆண்கள் போனை அணைத்துப் பீடத்துக்கு முன்னால் இருக்கும் கூடையில் போட்டுவிடுவோம். சாயங்காலம் முட்டி போட்டுச் செபிக்கும் சிலுவைப்பாதை முடிந்துதான் கைக்கு வரும். ஒரு பகல் பொழுதாவது ஆண்டவருக்கு முழுசாகக் கொடுத்த நிம்மதி அது.

அந்த வெள்ளிக்கிழமையும் போட்டுவிட்டு வந்தேன். மதியம் என் மனைவி தன் போனை நீட்டியபடி வந்தாள். அங்கன்வாடி வேலைக்குப் போக வேண்டும் என்று, கல்யாணத்தோடு விட்ட பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதுகிறாள். திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை. பொது நூலகத்தின் இணையதளத்தில் இரவல் எடுத்த கணக்கு வழிகாட்டியை, அடுப்படியில் போனைச் சாய்த்து வைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அதன் தவணை அன்று சாயங்காலத்தோடு முடிகிறது. நீட்டிக்காவிட்டால் காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும். நீட்டிக்க, உறுப்பினரின் போனுக்கு வரும் ஓடிபியைப் போட வேண்டும். உறுப்பினர் நான். குடும்பத் தலைவர் என்று என் பெயரையும் நம்பரையும்தான் கொடுத்திருந்தோம்.

“இன்னாங்க, ஓடிப் போய் போனை எடுத்துட்டு வாங்க.”

“கூடையை அறையில வச்சிப் பூட்டிட்டு, ஃபாதர் சாவியோட காவலூர் பக்கம் போய்ட்டாரு.”

“படிக்கிறது நானு, நம்பர் உங்களுது. நோன்பு உங்களுக்கு, பட்டினி எனக்கா?”

இருவரும் ஆலங்காயத்து நூலகத்துக்குப் பஸ் ஏறினோம். நான் செபமாலையை உருட்டிக்கொண்டு வந்தேன். அவளோ, புத்தகம் போவதற்குள் பார்த்தவரை லாபம் என்று முக்கோணத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடுமுறைதான்; பரீட்சைக் காலம் என்று நூலகத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். பொறுப்பில் இருந்த அம்மா முக்காடு போட்டவர். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

“எங்களுக்கும் இப்ப ரம்ஜான் நோன்புதான் அண்ணா. நாங்க தண்ணியைத் தொட மாட்டோம், நீங்க போனையா?”

“இவரால தண்ணி இல்லாம கூட இருந்துட முடியும்க்கா” என்று போட்டுக்கொடுத்தாள் என் மனைவி.

அந்த அம்மா எங்கள் இருவரின் ஆதாரையும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டரில் தட்டினார். “ஓடிபி வரலன்னா இன்னா, இங்கிருந்தே நீட்டிக்கலாம். நேரம் முடியறதுக்குள்ள வந்துட்டீங்க, பரீட்சை வரைக்கும் உங்களுக்குத்தான். நம்பரையும் மாத்திட்டேன்” என்றவர், என் மனைவியிடம் திரும்பி, “இனிமே எல்லாம் உங்க போனுக்கே வரும்” என்றார்.

சொல்லி முடிப்பதற்குள் என் மனைவியின் போன் ஒலித்தது. புதுத் தேதியோடு புத்தகம் அப்படியே இருந்தது. நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன். “பரீட்சைக்கு நானும் துவா பண்றேன்” என்றார் அந்த அம்மா. யார் வேண்டினால் என்ன, கேட்கிறவர் ஒருவர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிலுவைப்பாதைக்கு மணி அடித்தது. அவளும் கிளம்பப் பார்த்தாள்.

“நீ உக்காந்து படி. உனக்கும் சேத்து நானே முட்டி போட்டுட்டு வர்றேன்.”

“அப்புறம் முட்டி வலிக்குதுன்னு தைலம் கேக்கக் கூடாது” என்றாள், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.