டெப்பட் சத்தம்

எங்கள் திரிவீல் ஆட்டோ மடவளை ஏற்றத்தில் வரும்போதே தெருவுக்குத் தெரிந்துவிடும். பழைய தையல் மெஷினை ஓட்டுவது போல டக் டக்கென்று அடித்துக்கொண்டே வரும். டெப்பட் சத்தம் என்பார்கள். என்ஜினுக்குள் வால்வின் இடைவெளி கூடினால் வருவது. வீட்டிலேயே மூடியைக் கழற்றி, திருகாணியைக் கொஞ்சம் இறுக்கினால் தீர்ந்துவிடும்.

என் கணவர் அந்த வண்டியில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கண்டிக்குக் கொண்டுபோய்ப் பள்ளியில் இறக்குவார். எங்கள் அடுப்பு எரிவது அந்த ஹயர் காசில்தான். அந்தப் பிள்ளைகளில் ஒருவனின் உம்மா என்னிடம் வந்து, சத்தத்தில் மகனுக்குத் தலையிடிக்கிறதாம், இப்படியே போனால் வேனில்தான் போடவேண்டும் என்றார். பதமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் சுருக்கென்றது. அடுத்தவன் வண்டியில் ஒரு நட் தளர்ந்தாலும் கண்டுபிடிக்கிற மனுசனுக்குத் தன் வண்டி அலறுவது தெரியவில்லையா?

அவரிடம் சொன்னால் உடனே பதில் வராது. அந்த நாட்களில் எதற்கும் அப்படித்தான். நான் சமைத்தபடியே குசினியிலிருந்து கத்துவேன், அவர் சுவரைப் பார்த்தபடி இருப்பார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வாய்விட்டே திட்டுவேன். அதற்கும் பதில் வராது. எதிரே போய் நின்று மறுபடி சொன்னேன். சரி என்று தலையாட்டினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்து சாப்பிட்டு, என்ஜின் நன்றாக ஆறிய பிறகு பின்மூடியைத் திறந்தார். இடைவெளியை அளக்க மெல்லிய உருக்குத் தகடு ஒன்று இருக்கிறது. அவருடையது பெட்டியில் புதுசு போலவே கிடக்கும். இந்தப் பக்கத்தில் திரிவீல் ஓட்டுகிறவர்கள் பலரும் காதை வைத்தே டெப்பட் போடுவார்கள், தகடு தேடுகிறவனைக் கேலி செய்வார்கள். இவரும் அந்தக் கூட்டம்தான். திருகாணியை இறுக்கி, மூடியைப் பூட்டி, ஸ்டார்ட் செய்தார். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினார்.

பிறகு எழுந்து, எனக்கு முதுகைக் காட்டியபடி கை துடைக்கத் தொடங்கினார். என்ஜின் முன்னைப் போலவே டக் டக் என்றது.

சத்தம் அப்படியே இருக்கிறதே என்றேன். திரும்பவில்லை. உரக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. எரிச்சலில் போய்ச் சாவியைத் திருகி என்ஜினை நிறுத்தினேன்.

அவர் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேளுங்க, இப்ப எவ்வளவு அமைதியா ஓடுது."

எத்தனை நாள் இந்த மனுசனைத் திட்டியிருப்பேன். அவர் திரும்பி, என் கையில் சாவியைப் பார்த்தார். பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச காலமாகவே காது இப்படித்தானாம். வெளியே தெரிந்தால் ஹயர் போய்விடுமென்று என்னிடம்கூட மறைத்தாராம். நான் நினைத்தது பின்னால் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் பஸ்களை, வண்டிக்குள் இருக்கும் பிள்ளைகளை. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என்ஜின் மறுபடி ஆறும்வரை இரண்டு பேரும் படியிலேயே காத்திருந்தோம். பிறகு அவரே அந்தத் தகட்டை எடுத்தார். அதை வைத்து அளந்து இறுக்கினார். ஸ்டார்ட் செய்தபின் ஸ்க்ரூ டிரைவரை என் காதில் வைத்தேன். டக் டக் போய்விட்டிருந்தது. போய்விட்டது என்று நான் கையைக் காட்டியதும் அவர் சிரித்தார், சின்னப் பிள்ளை மாதிரி.

அஸர் தொழுகைக்குப் பிறகு அந்த உம்மா எங்கள் வாசலால் போனார். வண்டி ஓடுவதைக் கேட்டு நின்று, சத்தம் போய்விட்டதே, இனி வேன் தேவையில்லை என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. இவர் அவருடைய உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்ல, புள்ளைய கொஞ்ச நாளைக்கு வேன்லயே போடுங்க. எனக்குக் காது கேக்குதில்ல. டொக்டருக்குக் காட்டணும்."

தன் குரலின் அளவு அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது.