கைக்கு நேரே போட்ட டிக்

காலை ஆறு மணிக்கு ஓசூரில் அந்த ஒயரிங் கம்பெனியில் நாற்பத்திரண்டு பெண்கள் ஷூவைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடி உட்காருவார்கள். லைன் லீடர் ஜோதிமணி மைக்கில் ஓர் அட்டையைப் பார்த்துப் படிப்பாள்.

"பாதத்த கவனிங்க. உங்களச் சொமக்கற பாதத்துக்கு நன்றி சொல்லுங்க."

ஆனேக்கல் பக்கமிருந்து வருபவர்களுக்காக அதையே கன்னடத்திலும் சொல்வாள். பாதம், இடுப்பு, தோள், கை, கண். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் சேர்ந்து, "நல்லாருக்கு, நன்றி" என்பார்கள். ஐந்து நிமிடம். அப்புறம் எட்டு மணி நேரம் பிரஸ்.

ஜோதிமணிக்கு முப்பத்தாறு வயது. குந்தாரப்பள்ளிக்காரி. ஒயர் முனையில் பித்தளைத் துண்டை வைத்துப் பெடலை மிதிக்கும் அதே பிரஸ் வேலையைப் பதினொரு ஆண்டுகள் செய்து லீடரானவள். காலைப் பயிற்சிக்கு ஒரு தாள் உண்டு. ஒவ்வொரு பெயருக்கும் நேரே ஐந்து கட்டங்கள். நலமென்றால் டிக். இல்லையென்றால் என்ன குறை என்று எழுதி, அந்தப் பெண்ணை நர்ஸிடம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் லைனில் ஓர் ஆள் குறையும். ஒப்பந்தத்தில் இருப்பவள் என்றால் மறுநாள் அவளுக்குப் பதில் வேறொருத்தி வந்துவிடுவாள். இரண்டு ஆண்டுகளாக ஜோதிமணி யாரையும் அனுப்பவில்லை. இருநூற்றுப் பத்து டிக்குகளையும் கம்பெனி பஸ்ஸிலேயே போட்டுவிடுவாள். சூளகிரி தாண்டுவதற்குள் முடிந்துவிடும்.

பாரூரிலிருந்து வந்த அருணா முன்வரிசையில் உட்காருபவள். ஒருநாள் 'கை' என்றதும் எல்லோரும் நன்றி சொன்னார்கள். அவள் மட்டும் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, ரெண்டு வெரலு இருக்கறதே தெரியிலக்கா."

"கண்ண மூடி நல்லா கவனி. தெரியும்."

"கவனிச்சதுனாலதான்க்கா தெரியிலன்னு தெரிஞ்சுது."

பின்னால் யாரோ, "வீட்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜோதிமணியும் சிரித்தாள். அருணாவின் பெயருக்கு நேரே டிக் ஏற்கெனவே இருந்தது.

அடுத்த வாரம், காலை ஒன்பதரைக்கு, மரத்துப்போன ஆட்காட்டி விரல் அச்சுக்குள் இருப்பது தெரியாமலே அருணா பெடலை மிதித்தாள். விரலின் நுனி போயிற்று.

உடலைக் கவனி என்று சொல்வதில் தவறே இல்லை. சொல்லப்போனால் அந்தப் பயிற்சி பலித்தது. நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தி ஒழுங்காகக் கவனித்தாள், கண்டுபிடித்தாள், வாய்விட்டும் சொன்னாள். ஒரு ஷிப்டில் ஆறாயிரம் முறை ஒயரைக் கிள்ளிப் பிடிக்கும் விரல் செத்துக்கொண்டிருந்தது. அதற்கு ஓய்வு தர வேண்டியவர்கள் நன்றி சொல்லச் சொன்னார்கள். அவர்களின் வாயாக இருந்தவள் ஜோதிமணி.

மறுநாள் பாதுகாப்பு அதிகாரி விஜயகுமார் ஒரு காகிதத்தை நீட்டினார். 'தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். அன்று காலை கை நலமாக இருப்பதாக அவரே கூறியுள்ளார்.' ஆதாரமாக ஜோதிமணியின் தாளை இணைத்திருந்தார். பஸ் குலுங்கியதில் கோணிப்போன டிக், கைக்கு நேரே.

"லீடர் கையெழுத்து இங்க."

கவனமில்லாதவள் என்று எழுதியாகிவிட்டால் அருணாவுக்கு இந்த ஊரில் எந்தக் கம்பெனிக் கதவும் திறக்காது. ஜோதிமணிக்கு அது தெரியும். தன் டிக்கைப் பற்றிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் கையெழுத்துப் போட்டாள்.

அன்றிலிருந்து அட்டையில் 'கை' வரும்போது அதைப் படிக்காமல் விட்டாள். இருமிவிட்டுக் 'கண்' என்று தொடர்ந்தாள். ஒன்பதாம் நாள் ஷிப்ட் முடிந்ததும் அருணாவின் அறைக்குப் போனாள். நான்கு பெண்கள் தங்கும் அறை. அருணா இடது கையால் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக்கா வந்த? பழம் வேற."

"வெரலு எப்படிடி இருக்குது?"

"இல்லாதது எப்படி இருக்கும்?"

ஜோதிமணி வாசலிலேயே நின்றாள். "அன்னிக்கி டிக்க நான் பஸ்லயே போட்டுட்டேன் அருணா."

"எல்லாருக்கும் தெரியும். நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"கேட்டுச்சு."

"அப்ப அத எழுது. இங்க நின்னு அழுவாத. உள்ள நைட் ஷிப்ட் புள்ளைங்க தூங்குதுங்க."

வீட்டில் எழுத உட்கார்ந்தாள். 'தொழிலாளி தன் விரல் குறித்துத் தெரிவித்ததாக' என்று ஆரம்பித்தாள். அடித்தாள். 'விரல் தெரியவில்லை என்று அருணா என்னிடம் சொன்னாள். நான் எழுதவில்லை. சிரித்தேன்' என்று எழுதினாள். பஸ்ஸில் டிக் போட்டதையும் எழுதினாள். ஒரு நகலைத் தொழிற்சாலை ஆய்வாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, மற்றொன்றை விஜயகுமாரிடம் கொடுத்தாள்.

அவர் இரண்டு முறை படித்தார். "எத்தன நாளா பஸ்ல போடறீங்க?"

"ரெண்டு வருசமா சார்."

"அப்ப ரெண்டு வருசப் பேப்பரும் பொய்யா?"

"ஆமாங்க சார்."

"நீங்க ஒருத்தர் போட்டதுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?"

"ஆள நர்ஸ்கிட்ட அனுப்பி லைன நிறுத்தக் கூடாதுன்னு சொன்னது யாரு சார்? அதையும் எழுதியிருக்கேன், ரெண்டாவது பக்கத்துல."

அன்றே அவளிடமிருந்து மைக்கை வாங்கி, பழைய பிரஸ்ஸில் உட்கார வைத்தார்கள். பழகிய வேலைதான். ஆனால் ஒவ்வொரு முறை பெடலில் கால் வைக்கும்போதும் தன் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்தாள். எண்ணிக்கை குறைந்தது.

மூன்றாவது வாரம் அருணாவின் போன் வந்தது.

"இன்ஸ்பெக்டர் ஆபீஸ்லருந்து விசாரணைக்கு வரச்சொல்லி லெட்டர் வந்திருக்குது. நீ வருவியா?"

"வர்றேன்டி."

"சிரிச்சதையும் எல்லார் எதுர்லயும் சொல்லுவியா?"

ஜோதிமணி போனை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"சொல்றேன்."

"வியாழக்கெழம பத்து மணி. லேட்டா வராத."