அப்பாவின் ஊசி மருந்தை ஒளித்து வைத்தவள் எழுதுகிறேன்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுது என்றார்கள். நல்லவரைப் பற்றி எழுதுவது சுலபம். அப்பா எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எழுதும்போதுதான் பேனா தாளைக் கிழிக்கிறது. துக்கத்தில் அல்ல, கோபத்தில்.

வீரகேரளம்புதூர் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், மழையை நம்பி உழுத குடும்பத்தின் இரண்டாவது மகனாக அப்பா பிறந்தார்கள். தாத்தா சீக்கிரமே போய்விட, பெரியப்பா தன் படிப்பை நிறுத்திவிட்டு வயலில் இறங்கி அப்பாவைப் படிக்க வைத்தார்கள். அதன் பிறகு அண்ணன் ஒன்று சொல்லிவிட்டால் அப்பாவுக்கு மறுபேச்சே கிடையாது. போலீஸில் சேர்ந்து, சிவகிரி முதல் தென்காசி வரை பல ஸ்டேஷன்களில் வேலை பார்த்து, சப்-இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றார்கள். ஓசியில் ஒரு டீ குடித்ததில்லை. பொய் சொல்லவும் வராது.

சர்க்கரை நோய் பல வருடம் மாத்திரையிலேயே ஓடியது. பிறகு இன்சுலின் போட்டே ஆக வேண்டும் என்றார் டாக்டர். திருடனைத் துரத்திச் சுவர் ஏறிக் குதித்த மனிதர், அந்தச் சின்ன ஊசிக்கு ஒரு மாதம் இழுத்தடித்தார்கள்.

"ஊசிக்குப் போயிட்டாருன்னா ஆளு முடிஞ்சிட்டாருன்னுல்லா பேசுவாங்க" என்பார்கள். வலிக்குப் பயமில்லை, உறவுக்காரர்கள் உங்கள் வாய்க்குத்தான் பயம். அம்மா அழுது சம்மதிக்க வைத்தார்கள். போட ஆரம்பித்த இரண்டே மாதத்தில் அப்பாவின் முகம் தெளிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். முந்தின நாளே வந்துவிட்ட பெரியப்பா, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏட்டி, வாற பொம்பளையள்ல யாராவது இதைத் தொறப்பாங்க. ஊசி மருந்து கண்ணுல பட்டா, சீக்குக் குடும்பம்னு திரும்பிப் பாக்காம போயிருவாங்க. மேல ஐஸ் வைக்கிற இடத்துல ஒளிச்சு வையி."

நான் அப்பாவைப் பார்த்தேன். "அண்ணன் சொல்லுதாங்கல்லா, எடுத்து வையி" என்றார்கள். ஐஸ் தட்டுக்குக் கீழே நான்தான் வைத்தேன். சம்பந்தம் முடிந்த சந்தோஷத்தில் அப்பாவும் ஊசியை மறந்தார்கள், மூன்று நாள் அது அங்கேயே கிடந்தது.

உறைந்துபோன இன்சுலின், உருகிய பிறகும் வேலைக்கு ஆகாது. எங்கள் யாருக்கும் அது தெரியாது. அப்பா அதையே போட்டுக்கொண்டார்கள். சர்க்கரை ஏறிக்கொண்டே போனது.

"நானும் விடாம குத்திக்கிடுதேன், என்னத்தக் கேக்குது? பிறகு எதுக்கு இந்தக் கூத்து?" என்று ஒருநாள் எல்லாவற்றையும் தூக்கிக் குப்பையில் போட்டார்கள். டாக்டரிடமும் போகவில்லை. பெரியப்பாவுக்கு அது வசதியாகப் போயிற்று. "சாரல் தொடங்கிட்டு. ஒரு மண்டலம் ஐந்தருவியில குளி. மூலிகைத் தண்ணி, சர்க்கரை தன்னால இறங்கிரும்" என்றார்கள். சுற்றியிருந்த நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அருவிப் பாறையில் கால் கிழிந்தது அப்பாவுக்குத் தெரியவே இல்லை. சர்க்கரை ஏறி மரத்துப்போயிருந்தது, வலி தெரிகிற கால் இல்லை அது. வீட்டுத் தரையில் ரத்தத்தைப் பார்த்து அம்மாதான் கத்தினார்கள். ஆஸ்பத்திரியில் முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே காலையே. வீல்சேரில் உட்கார்ந்தபடிதான் என்னைத் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். நாலு மாதத்தில் புண்ணின் விஷம் ரத்தத்தில் ஏறி, அப்பா போய்விட்டார்கள்.

அப்பாவின் காலுக்குக் கட்டுப் போட வந்த நர்ஸ் அக்காவிடம் நடந்ததை ஒருநாள் சொன்னேன். "ஐயோ, ஃப்ரீசர்ல வச்சா மருந்து செத்துப் போயிரும்லா! யாரு வச்சது?" என்றார். அவிழ்த்த கட்டை வாரிக்கொண்டு நான் வெளியே போய்விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மறுவீடு முடிந்து புகுந்த வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் மாமியார் இன்சுலின் போடுவதைப் பார்த்தேன். பல வருடமாகப் போடுகிறார்களாம். எங்கள் ஊசியை அவர்களுக்குப் பயந்து நாங்கள் ஒளித்தோம். அவர்கள் ஊசியை எங்களுக்குப் பயந்து அவர்கள் ஒளித்திருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அத்தையிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். எழுது என்றார்கள். இப்போது கதவைச் சாத்துவதில்லை.

அப்பாவின் காலை அருவருப்பில்லாமல் மடியில் வைத்துத் துடைத்த நர்ஸ் அக்காவுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் அப்பாவைத் தூக்கி ஏற்றித் திருநெல்வேலிக்குக் கொண்டுபோன ஆட்டோ அண்ணாச்சிக்கும், ரத்தம் கொடுத்த காவல்துறை நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மூலிகையும் கஷாயமும் ஆலோசனையும் கொண்டு வந்தவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பெரியப்பா, இது உங்களுக்கு. டாக்டர் உங்களுக்கும் இன்சுலின் எழுதிக் கொடுத்திருக்கிறார், சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு மூன்று வாரமாக அலைகிறீர்கள் என்று பெரியம்மா அழுகிறார்கள். உங்கள் மேலும் என் மேலும் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. நாளைக் காலையில் மருந்தோடு வருகிறேன். நானே போட்டுவிடுகிறேன். முறைத்தாலும் திட்டினாலும் நகர மாட்டேன். உங்களுக்கும் ஒரு மலர் எழுத என்னால் ஆகாது.