ஒரு கரண்டி கடலைக் குழம்பு

பழனாயி குள்ளமான பெண். புருசனை மலைக்காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்ட முதல் வருசம், மிளகு பறிக்கக் கண்ணேணியில் ஏறக் கால் எட்டாமல் தவித்தாள். கண்ணேணி என்பது ஒற்றை மூங்கில்தான். கணுவில் விட்டிருக்கும் கட்டையில் கால் வைத்து ஏற வேண்டும். ஒருநாள் விடிந்து பார்த்தால், கணுவுக்குக் கணு நடுவே புதிதாக ஒரு கட்டை வைத்து, காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டியது யாரென்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த காட்டுக்காரர் சென்றாயன் அன்றைக்கு உள்ளங்கையில் கொடி அறுத்த காயத்தோடு, தலையைக் குனிந்தபடி அவளைத் தாண்டிப் போனார். அவளும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தது உலகச் சண்டைக்காலம், ஊரெல்லாம் அரிசிக்குத் தட்டுப்பாடு. அந்த வருசங்களில்தான் சென்றாயன் பெருத்துப் போனார். மலைமேல் அவர்கள் இருந்த குண்டூர் நாட்டில் அவரைப் போலக் கடலைக் குழம்பு தின்கிறவர் கிடையாது. மிளகைக் கொடுத்து அடிவாரச் சந்தையில் நிலக்கடலை வாங்கி வருவார். அதை அவர் மனைவி பாவாயி வறுத்து, வரமிளகாய், பூண்டு, புளி வைத்து அம்மியில் மைய அரைத்து, ஓரத்தில் எண்ணெய் பிரிகிறவரை கொதிக்க விடுவாள். வாசம் வேலி தாண்டிப் பழனாயி வீட்டுக்கும் வரும்.

பெருத்த உடம்பால் வந்தது வினை. பாவாயி காய்ச்சலில் கிடந்தபோது அவர் ஒரு மிளகுக்கொடி நட்டு வேண்டிக்கொண்டிருந்தார். அவள் பிழைத்தால், அந்தக் கொடியின் முதல் கொத்தைத் தன் கையாலேயே பறித்து அறப்பளீசுவரர் சன்னதியில் வைப்பதாக. அவள் பிழைத்தாள். கொடியும் பலாமரத்தில் ஏறி நாலாம் வருசம் காய் பிடித்தது, மரத்தின் உச்சியில். ஏறிப் பார்ப்போம் என்று தன் கண்ணேணியில் கால் வைத்தவருக்குக் கீழே மூன்றாவது கணுவிலேயே மூங்கில் முறிந்தது.

வேறு ஆள் பறித்தால் வேண்டுதல் செல்லாது. கொத்து பழுத்து உதிருமுன், தை மாதத்துக்குள் உடம்பு இளைத்தாக வேண்டும்.

நாடி பார்க்கும் செங்கோடனிடம் போய்வந்தவர் வேலியோரம் நின்று கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

"பழனாயி, சோத்தை அறவே உடச் சொல்லீட்டாரு. கீரை, வாழைத்தண்டு, கொள்ளு. ஆனா கடலைக் கொழம்பு நாளுக்கு ஒரு கரண்டி தின்னலாமுன்னு அவரு வாயாலயே சொன்னாரு."

"கரண்டி எந்தக் கரண்டீன்னு கேட்டீங்களாங்கண்ணா? நீங்க பாட்டுக்குக் கோயில் கரண்டியத் தூக்கீட்டு வந்துருவீங்க."

"சாமி சத்தியமா ஊட்டுக் கரண்டிதான், கண்ணு."

சொன்னபடியே சோற்றைத் தொடவில்லை. தினமும் காலையில் அரைஞாண் கயிற்றில் விரலை விட்டுப் பார்ப்பார். புரட்டாசி போய் ஐப்பசி பிறந்தது. கயிற்றுக்குள் ஒரு விரல்கூட நுழையவில்லை. பாவாயிக்குக் கோபம் வந்துவிட்டது. எல்லாம் அந்தக் கடலையால்தான் என்று, இருந்த கடலையைப் பானையோடு பரண்மேல் ஏற்றிவிட்டாள்.

எட்டு நாள் சென்றாயன் முகத்தில் உயிரே இல்லை. ஒரு மத்தியானம் கீரை கொண்டுபோன பழனாயி அவர் தட்டைப் பார்த்து நின்றுவிட்டாள். அவித்த மரவள்ளிக்கிழங்கு மலைபோலக் குவிந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

"ஏனுங்கண்ணா, இது என்னங்க?"

"கெழங்கு."

"சோத்த உட்டுட்டேன்னீங்களே?"

"சோத்தத்தான உடச் சொன்னாரு. கெழங்கு எப்படி சோத்துக் கணக்குல வரும்? வெரதத்தன்னைக்கே இதத்தான தின்னுறோம்."

பாவாயியும், "ஆமாங்கறன், அது சும்மா வகுத்த நெரப்பறதுதான" என்றாள்.

பழனாயிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம காட்டுக்குள்ள பூந்து தோண்டற பன்னி என்னத்தத் தின்னுட்டு அந்தக் கொழுப்பு கொழுக்குது? அது கடலைக் கொழம்பா வெச்சுத் திங்குது?"

சென்றாயன் கையிலிருந்த கிழங்கைப் பார்த்தார். பாவாயியைப் பார்த்தார். கிழங்கை மெல்லத் தட்டில் வைத்தார்.

அன்றைக்கே கிழங்குப் பானை வெளியே போனது, கடலைப் பானை பரணிலிருந்து இறங்கியது. வேகவைத்த கீரை, வாழைத்தண்டு, அதன்மேல் கெட்டியாக ஒரு கரண்டிக் குழம்பு. அந்த ஒரு கரண்டியை அவர் கண்ணை மூடிக்கொண்டு, விரல் விரலாக நக்கித் தின்றார். கார்த்திகையில் கயிற்றுக்குள் ஒரு விரல் நுழைந்தது. மார்கழியில் மூன்று. ஒவ்வொரு விரலுக்கும் வேலியோரம் வந்து காட்டிவிட்டுப் போனார்.

தை முதல் வெள்ளி. குளித்து, திருநீறு பூசி, பலாமரத்தடியில் வந்து நின்றார். அப்போது பழனாயி தன் கண்ணேணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தாள். பல வருசம் அடுப்புப் புகையில் இறுகிய முற்றல் மூங்கில். நடுக்கட்டைகளை வருசாவருசம் அவளே புதுக்கொடி போட்டுக் கட்டி வைத்திருந்தாள்.

"இதுல ஏறுங்கண்ணா. படி கிட்டக்கிட்ட இருக்குது, மூச்சு வாங்காது."

அவர் ஒரு கட்டையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஏறினார். மூன்றாவது கணு தாண்டியது. ஏழாவது தாண்டியது. மூங்கில் முனகியதே தவிர முறியவில்லை. உச்சியிலிருந்து, "அறப்பளீசுவரா" என்று குரல் வந்தது. இறங்கியபோது அவர் பல்லிடுக்கில் பச்சை மிளகுக்கொத்து இருந்தது. பாவாயி அழுதுகொண்டே மடியை விரித்து வாங்கினாள்.

இரண்டு வருசம் கழித்துப் பழனாயி மகள் வீட்டோடு, மலையிலேயே தள்ளியிருக்கும் பைல் நாட்டுக்குக் குடிபோனாள். அதற்குப் பிறகு அவரை அவள் பார்க்கவில்லை. புறப்பட்ட அன்று சென்றாயன் வேலி வரைக்கும் வந்து, ஒரு சிறு மூட்டை வறுத்த கடலையை அவள் கூடையில் வைத்தார்.

"கொழம்பு வெச்சுத் தின்னு கண்ணு, பயப்படாத. கெழங்க மட்டும் சோறுன்னே நெனச்சுக்க. ஏணிய எடுத்துக்கிட்டியா?"