காரணம் சொல்லத் தெரியாத மிஸ்ஸி

வெள்ளிக்கிழமை காலை கரைத்தீவிலிருந்து மிஸ்ஸியின் மகள் அழைத்தாள். “உம்மா மௌத்தாயிட்டாங்க, டொக்டர். அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா.” தாதி நஸீமாவை, நாம் எல்லோரும் மிஸ்ஸி என்றே அழைத்தவரை, அன்று மாலை அடக்கம் செய்தோம். அவரோடு வேலை செய்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

யுத்தம் முடியும் காலத்தில் நான் இந்த ஆஸ்பத்திரிக்குப் புதிய டொக்டர். பாலாவி உப்பளத் தொழிலாளி ஒருவர் நெஞ்செரிவு என்று வந்தார். பிரஷர் சரி, ஈசிஜியும் சரி. மாத்திரை எழுதினேன்.

“டொக்டர், இவர இப்ப அனுப்ப வேணாம்.”

“ஏன் மிஸ்ஸி?”

“காரணம் சொல்லத் தெரியல்ல. மனசுக்குச் சரியில்ல.”

காரணம் இல்லாமல் கட்டில் தர முடியாது என்றேன். அந்தி சாய்வதற்குள் ஓட்டோவில் அவரது உடல் வந்தது. மிஸ்ஸி என்னைக் குற்றம் சொல்லவில்லை. நான்கு நாள் கழித்து அவராகவே வந்தார்.

“வேர்வை, டொக்டர். வெயில் வேர்வையெண்டா ஆள் துடைக்கும். அவர் துடைக்கவேயில்ல. கண் அண்டைக்கே கண்டிட்டுது. வாய்க்கு வந்துசேர இவ்வளவு நாள் போச்சு.”

அந்த மனிதரின் மனைவிக்கு இதை நான் சொன்னதில்லை.

மிஸ்ஸியின் மனசு பிழைத்ததும் உண்டு. தொண்ணூறில் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட நாளில் அவருடைய தம்பி பின்தங்கிவிட்டார். “அவன் இருக்கிறான், மனசு சொல்லுது” என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தார். யுத்தம் முடிந்ததும் ஒரு கிழமை லீவு போட்டு மன்னாருக்குப் போனவர், மூன்றாம் நாளே வேலைக்கு வந்துவிட்டார்.

“கண்ட ஆக்கள் இருக்காங்க, டொக்டர். வெளியேத்தின அந்தக் கிழமையே அவன்ட கதை முடிஞ்சிருக்கு.”

“அப்ப, இத்தனை வருஷம் மனசு சொன்னது?”

மருந்துத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “மனசு ஒண்டும் சொல்லல்ல. நான்தான் மனசுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறன்.”

அதன்பிறகு வெகுநாள் அவர் எந்த நோயாளியைப் பற்றியும் மனசில் பட்டதைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

போன மாதம், நோயில் கிடந்த மிஸ்ஸியை வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர், நான் ரிப்போட்டை எடுத்ததும் சொன்னார்:

“ரிப்போட்ட விடுங்க. என்னப் பார்த்தா உங்களுக்கு என்ன படுது?”

பிழைக்க மாட்டார் என்று வாசலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது.

“சுகமாயிடும், மிஸ்ஸி.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஓம்,” என்றார். பிறகு மகளைக் கூப்பிட்டு, “டொக்டருக்குத் தேத்தண்ணி ஊத்துங்க மகள்,” என்றார்.

இப்போதெல்லாம் ஒரு தாதி காரணமில்லாமல் ‘வேணாம்’ என்றால், நோயாளிக்குக் கட்டில் கொடுக்கிறேன். அது மிஸ்ஸி தந்தது. கேட்டவரிடம் சொல்லாமல் விழுங்கிய அந்தப் பதிலும் என்னிடமே இருக்கிறது.