படத்தில் விடுபட்ட கைகள்

அடியார்களே, முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கதிரேசன் என்பவரின் ஊனக் காப்பீடு கிடைக்காமல் நான் கெடுத்தேன்.

அப்போது நான் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் விசாரணை அதிகாரி. அவர் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும்போது முதுகெலும்பு முறிந்தவர். தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலையில் பால்குடம் எடுத்து வந்தார். அவருடைய மச்சான் கூடவே நடந்து குடத்தையும் அவரையும் தாங்கினார். நான் இரண்டு படங்கள் எடுத்தேன். ஒன்றில் மச்சானின் கைகள் தெரிந்தன. மற்றதில் கூட்டம் அவற்றை மறைத்ததால் அவர் தனியே சுமப்பதுபோல் இருந்தது. கைகள் மறைந்த படத்தை மட்டும் கோப்பில் வைத்தேன். விண்ணப்பம் தள்ளுபடியானது.

"ஒருத்தராவது நம்புங்க சார்" என்று தொலைபேசியில் அழுதார். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

போன ஆண்டு எனக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. நானும் ஊனக் காப்பீட்டுக்கு விண்ணப்பித்தேன். வேறு நிறுவனம். ஒரு மருத்துவச் சான்று கொடுத்தால் இன்னொன்று கேட்டார்கள். அந்தத் தொகை வந்தால்தான் சிகிச்சை தொடரும் என்ற நிலை.

எனக்கு எல்லார் மீதும் சந்தேகம். எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே நாளிதழ் படிப்பவர் என்னைத்தான் கவனிக்கிறாரோ? எதிர்வீட்டு அம்மா ஏன் நலம் விசாரிக்கிறார்? சன்னல்களை மூடிவைத்தேன். கொஞ்சம் நடக்க முடிந்த நாளிலும் எழுந்திருக்கவில்லை.

"கோயிலுக்குப் போலாம், வாங்க" என்றாள் மனைவி மங்களம்.

"கும்பிடறப்ப எவனாவது படம் எடுத்துட்டா?"

"எல்லாரும் உங்கள மாதிரியே இருப்பாங்களா?"

அது தைத்தது. சக்கர நாற்காலியில் போனேன். "முருகா, என்னை ஒருவராவது நம்பட்டும்" என்று வேண்டினேன். சொல்லி முடித்ததும் திடுக்கிட்டேன். அது கதிரேசன் கேட்டது.

மச்சானின் கைகள் தெரிந்த அந்த முதல் படம் என் அலமாரியிலேயே கிடந்தது. நடந்ததை எழுதிப் பழைய நிறுவனத்துக்கு அதன் பிரதியுடன் அனுப்பினேன். கதிரேசன் பாசிர் ரிஸ் வட்டாரத்தில் இருப்பதை விசாரித்து அறிந்து மங்களத்தோடு போனேன்.

கதவைத் திறந்த அவர் மனைவி, முன்பு விசாரணைக்கு வந்த என்னை அடையாளம் கண்டுகொண்டார். "இப்ப எதப் படம் புடிக்க வந்திருக்கீங்க?"

படத்தை நீட்டினேன்.

கதிரேசன் அதை வாங்கிப் பார்த்தார். "மச்சான் கை. அவன் போய்ச் சேந்துட்டான் சார். இத நான் வச்சுக்கறேன்." என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை.

தேநீர் வந்தது. என் இடது கையில் கோப்பை சரிந்தது. கதிரேசன் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து அதை அடியில் தாங்கினார்.

"நான் நடிக்கறேன்னு தோணலையா?"

"பாத்தா தெரியாதா சார். குடிங்க."

என் வேண்டுதல் பலித்தது அங்கேதான். எனக்குக் காப்பீட்டு அனுமதிக் கடிதம் பிறகு வந்தது. அவருடைய காப்பீட்டுக் கோப்பும் மறுபடி திறக்கப்பட்டிருக்கிறது. முடிவு இன்னும் தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு நாளும் அவருக்காகத்தான் வேண்டுகிறேன். எங்கள் வீட்டுச் சன்னல்கள் திறந்திருக்கின்றன.

அடியார்களே, முருகனை நம்பிக் கேளுங்கள். கேட்கும் முன் உங்கள் அலமாரியையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.