வைக்கோல் குறைந்த கண்ணாடிச் சட்டம்

எனக்கு ஆட்களை நம்பத் தெரியாது. இதை வெட்கப்பட்டுச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எனக்குச் சம்பளம் தந்ததே அதற்காகத்தான். ஐம்பதுகளின் கடைசியில் பூவரசங்குளத்தில் ஒரு பிரசவ விடுதி எழும்பிக்கொண்டிருந்தது. அதைக் கட்டிய கொந்தராத்துக்காரரிடம் நான் களஞ்சியக்காரன். சீமெந்துப் பை முதல் ஆணி வரை எல்லாம் என் சாவிக்குள். மேசன்மார் வேலை முடிந்து போகும்போது என் முன்னால் நின்று மடியைத் தட்டிக் காட்டிவிட்டுப் போவார்கள். பகிடிக்குத்தான் செய்தார்கள். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை, மடியைப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

எல்லாச் சாமானிலும் என் உயிரை வாங்கியது கண்ணாடி. விடுதியின் முன்பக்கம் முழுக்க ஆளுயர யன்னல்கள். கண்ணாடி கொழும்பிலிருந்து வவுனியா வரை ரயிலில் பத்திரமாக வந்துவிடும். அங்கிருந்து எங்கள் ஊருக்கு வருகிற எட்டு ஒன்பது மைல்தான் வில்லங்கம். முதல் தொகுதியை லொறியில் படுக்கப் போட்டு ஏற்றினார்கள். பள்ளமும் கிடங்குமான தெரு. இறக்கிப் பார்த்தால் பொரித்த அப்பளத்தை யாரோ கையால் நொறுக்கின மாதிரி இருந்தது.

அதன் பிறகுதான் எங்கள் தச்சாசாரியார் ஒரு மடக்குச் சட்டம் செய்தார். இரண்டு மரச் சட்டங்களை மேலே பிணைச்சலால் பூட்டியிருந்தார். கீழே காலை அகட்டி வைத்தால் கூரை முகடு போல நிற்கும். இரண்டு பக்கமும் கண்ணாடிகளைப் படுக்க விடாமல் நிமிர்த்திச் சாய்த்து வைக்கலாம். அடியில் தடிப்பாக வைக்கோல், கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் இடையில் வைக்கோல், மேலால் தும்புக் கயிறு. வேலை முடிந்ததும் மடித்துச் சுவரோடு சார்த்திவிட்டால் களஞ்சியத்தில் இடமும் பிடிக்காது. லொறி வேண்டாம், மாட்டு வண்டியில் ஆறுதலாக வரட்டும் என்றார் ஆசாரியார். அப்படித்தான் வண்டிக்காரர் எங்களிடம் வந்து சேர்ந்தார்.

நாற்பது வயது தாண்டிய மனிதர், கதை குறைவு. ஊரில் அரைவாசிப் பேரின் நெல் அவருடைய வண்டியில்தான் மில்லுக்குப் போகும். கூட ஆள் போகத் தேவையில்லை, மூட்டை போன மாதிரியே அரிசி வரும் என்று சொல்வார்கள். ஊரே ஒருவனை இப்படிப் புகழ்ந்தால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான்.

நான் ஸ்டேஷனில் நின்று என் கையாலேயே வைக்கோல் அடைத்து, கயிறு இறுக்கி, வண்டியை அனுப்பிவிட்டுச் சைக்கிளில் முன்னுக்கு வந்துவிடுவேன். வண்டி பின்னேரம் வந்து சேரும். முதல் நடையன்று மழை. சட்டத்தை முழுக்கப் படங்குச் சீலையால் மூடிக் கட்டியிருந்தோம். கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. இரண்டாம் நடை நல்ல வெயில், படங்கு போடவில்லை. இரண்டு கண்ணாடி வெடித்திருந்தன. மூன்றாம் நடையில் மூன்று. எல்லாமே வண்டியின் பின்பக்கத்தில் இருந்தவை, எல்லாமே அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி வெடித்தவை. அதுகூடப் பரவாயில்லை. நான் அடைத்துவிட்ட வைக்கோலில் அரைவாசியைக் காணவில்லை.

கேட்டேன். ரோட்டு அப்படி, குலுக்கத்தில் கொட்டுப்பட்டிருக்கும் என்றார்.

கொட்டுப்படுவதாவது, மண்ணாங்கட்டி! நான் முழங்காலை ஊன்றி இறுக்கிய கட்டு அது. வைக்கோலை ஒருவன் இழுக்கிறான் என்றால் கண்ணாடியை எடுக்கத்தான் இழுக்கிறான். ஆனால் கண்ணாடியின் எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்படியானால் நல்லதை எடுத்துவிட்டு வெடித்ததை வைக்கிறான். நல்லது எங்கே போகிறது? பட்டணத்தில் சாமிப்படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்கு. வழியில் எங்கேயோ கூட்டாளி ஒருவன் காத்து நிற்கிறான். இவ்வளவையும் நான் களஞ்சியக் கதிரையில் இருந்தபடியே கண்டுபிடித்து முடித்தேன்.

வாயும் சும்மா கிடக்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் நாலு பேர் இருக்கும்போது, வண்டியில் ஏறுகிற கண்ணாடி வேறு, இறங்குகிற கண்ணாடி வேறு என்று சொன்னேன். ஆளைக் குறித்துச் சொல்லவில்லை. கண்ணாடி ஏற்றுகிற வண்டி ஊரில் வேறு எது இருந்தது?

பத்து நாள் போகவில்லை, வண்டிக்காரர் களஞ்சிய வாசலுக்கு வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“ஐயா, நெல்லு ஏத்த வரச் சொன்ன ரண்டு பேர் இப்ப வேண்டாமெண்டிட்டினம்,” என்றார். “இந்தப் போகம் நெல்லு ஏத்தாட்டி எனக்கு வண்டியுமில்லை, மாடுமில்லை. அடுத்த நடைக்கு நீங்களே வந்து வண்டியிலை இருங்கோ. உங்கடை கண்ணாலை பாருங்கோ.”

கள்ளன்தான் இப்படித் துணிந்து கூப்பிடுவான் என்று நினைத்துக்கொண்டு ஓம் என்றேன்.

நாலாம் நடையில் சைக்கிளை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வண்டியில் ஏறினேன். அவருக்குப் பக்கத்தில், சட்டத்தைப் பார்த்தபடி திரும்பி உட்கார்ந்தேன். வழி நெடுகத் தெருவோரப் பற்றையில் ஏதாவது அசைந்தால் கூட்டாளிதான் என்று எட்டிப் பார்த்தேன். ஒரு தரம் உடும்பு, ஒரு தரம் விறகு பொறுக்க வந்த மனிசி.

மத்தியானம் ஒரு குளக்கட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்தி மாடுகளை அவிழ்த்தார். இரண்டையும் கொண்டுபோய் வண்டியின் பின்பக்கத்திலேயே கட்டினார். வன்னியில் எல்லா வண்டிக்காரரும் அப்படித்தான் கட்டுவார்கள். வண்டிக்குப் பின்னால் வைக்கோல் கிடக்கும், மாடு நின்றபடி இழுத்துத் தின்னும். இப்போது அந்த இடத்தில் எங்கள் சட்டம் நின்றதால் மாட்டு வைக்கோலை ஒரு கட்டாக வண்டிக்கு அடியில் தொங்கவிட்டிருந்தார். குளித்துவிட்டு வந்து போடுகிறேன் என்று சொல்லி, துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு குளக்கட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார்.

சரி, விஷயம் இங்கேதான் நடக்கிறது என்று எனக்குப் பட்டது. அவர் பின்னாலேயே போய், குளக்கட்டில் நின்ற ஒரு மருத மரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன். மனிதர் குளித்தார். வேட்டியை அலம்பிப் பிழிந்தார். திருநீறு பூசினார். ஒரு குருவிகூட அவரைத் தேடி வரவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவர் திரும்பி வரும்போது மரத்துக்குப் பின்னால் என்னைக் கண்டார். இரண்டு பேருமாக வண்டிக்கு நடந்தோம்.

மாடுகள் இரண்டும் சட்டத்துக்குள் தலையை விட்டிருந்தன. ஒன்று அடி வைக்கோலை நாக்கால் வளைத்து இழுத்துக்கொண்டிருந்தது. மற்றதன் வாயில் ஒரு பிடி தொங்கியது. பின்பக்கத்துக் கண்ணாடிகள் வெறும் மரத்தில் நின்றன. இனி ஒரு கிடங்கில் சில்லு விழுந்தால் போதும். முதல் நடையின் படங்கு அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

“நான் இவ்வளவு நாளும், நீங்கள்தான் வைக்கலைக் குறைச்சு அடைஞ்சு விடுறியள் எண்டு நினைச்சனான்,” என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மாடுகளைத் தூரத்து மரமொன்றில் கொண்டுபோய்க் கட்டினார். வண்டிக்கு அடியில் தொங்கிய தன் வைக்கோல் கட்டைப் பிரித்து, அவ்வளவையும் கண்ணாடிக்கு அடியில் அடைத்தார். மாடுகள் மீதித் தூரத்தைப் பசியோடு நடந்தன. ஊருக்குள் வரும்போது என் பக்கம் திரும்பினார்.

“தேத்தண்ணிக் கடையிலை சொன்னதை அங்கையே போய் மாத்திச் சொல்லுங்கோ, ஐயா. எனக்கு அது காணும்.”

அன்று ஒரு கண்ணாடியும் வெடிக்கவில்லை. நான் நேரே கடைக்குப் போனேன். கொந்தராத்துக்காரரும் அங்கே இருந்தார். மாடு தின்ற கதையை ஒன்றும் விடாமல் சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆளை ஆள் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்கு நல்லாய்த் தெரியும். எத்தனையோ பேரை நான் பார்த்த பார்வை அது. விளங்கப்படுத்த விளங்கப்படுத்த அது இன்னும் இறுகியது. மழை பெய்த நாளைச் சொன்னேன், படங்கைச் சொன்னேன், மாட்டின் வாயில் தொங்கிய பிடியைக்கூடச் சொன்னேன்.

கொந்தராத்துக்காரர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார்.

“நீர் காவலிருந்த நடையிலை ஒண்டும் உடையேல்லை. அப்ப முந்தி உடைஞ்சது ஏனெண்டு எங்களுக்கு விளங்குது,” என்றார். “இப்ப அவனுக்காக மாட்டைக் கொண்டு வாறீர். உமக்கும் பங்கோ?”

சாவியை அங்கேயே வாங்கிக்கொண்டார். மிச்சக் கண்ணாடி, சட்டத்துக்கு அடியில் சாக்கு விரித்து, உழவு இயந்திரப் பெட்டியில் வந்தது. அந்தப் போகம் ஊர் நெல்லை வேறு வண்டிகள் ஏற்றின. நான் வேலை தேடி முல்லைத்தீவுக்குப் போய்விட்டேன்.

இரண்டு வருடம் கழித்து வவுனியாவுக்கு பஸ்ஸில் வரும்போது அவரைக் கண்டேன். தெருவோரத்தில் விறகு ஏற்றிய வண்டி நின்றது. விறகை எந்த மாடும் தின்னாது. என்றாலும் மாடுகள் இரண்டும் வண்டியிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, ஒரு பாலை மரத்தில் கட்டப்பட்டிருந்தன. அவர் இரண்டுக்கும் நடுவில் குந்தியிருந்து வண்டியையும் மாட்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.